அத்தையை லாபிக்கு வரச் சொன்ன வாசகிக்கு

கேள்வி: மே மாத விடுமுறைக்கு நானும் கணவரும் எட்டு வயது மகனும் பிஜித் தீவுக்குப் போகிறோம். எட்டு நாள் டூர். அதில் ஒரு நாள் உள்ளூர்க் கிராமம் ஒன்றுக்குக் கூட்டிப்போகிறார்கள். ஊர்த் தலைவருக்கு ஏதோ வேர் வாங்கிக் கொடுக்க வேண்டுமாம், அவர்கள் கரைத்துத் தருவதைக் குடிக்க வேண்டுமாம். குடிக்காவிட்டால் தவறாக நினைப்பார்களா? என்ன உடை போடலாம்? அந்த ஊர் மக்கள் மனம் நோகாமல் நடந்துகொள்ள விரும்புகிறேன். நாங்கள் சைவம். கணவரின் கொள்ளுத்தாத்தாவுடைய தம்பி அந்தக் காலத்தில் கரும்புத் தோட்ட வேலைக்கு அங்கே போனவர். அவருடைய மகன் வயிற்றுப் பேத்தி நாந்தி ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறார். ஃபேஸ்புக்கில் அவரே எங்களைத் தேடிப் பிடித்தார். வீட்டுக்கு வரும்படி அந்த அம்மா மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். தமிழ் தெரியாது, முன்பின் பார்த்ததும் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ரிசார்ட் லாபிக்கே வரச் சொல்லிவிட்டோம், ஒரு மணி நேரம். வேறு என்ன கவனிக்க வேண்டும்?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: கோடை பிறந்தால் இந்தக் கடிதம் எனக்கு வந்துவிடும். பாலி, மொரீஷியஸ், மாலத்தீவு என்று ஊர்ப்பெயர்தான் மாறும். என்ன உடுத்தலாம், எதைச் சாப்பிடலாம், யாராவது கோபித்துக்கொள்வார்களா என்பது மாறாது. 'ஒன்றும் பயமில்லை, சந்தோஷமாகப் போய்வாருங்கள்' என்று இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த கடிதத்தைப் பிரிப்பது என் வழக்கம். உங்களுக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. காரணம் அந்த லாபி.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசிவரை உங்கள் கண் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கும்.

அந்த வேருக்கு அங்கே யங்கோனா என்று பெயர், வெளியே கவா என்பார்கள். மிளகு, வெற்றிலைக் குடும்பத்துச் செடிதான். ஆகவே நாம் தாம்பூலம் வைத்து அழைப்பதற்கும் இதற்கும் ரொம்ப தூரமில்லை. நாந்திச் சந்தையில் (ஆங்கிலத்தில் 'நாடி' என்று எழுதியிருக்கும், வாயில் நாந்திதான்) அரைக் கிலோ கேட்டால் காகிதத்தில் சுற்றிக் கட்டித் தருவார்கள். ஊர்த் தலைவர் கையில் அதைத் திணிக்கக் கூடாது. அவர் எதிரே பாயில் உட்கார்ந்து தரையில் வைக்க வேண்டும். இந்தச் சடங்குதான் சேவுசேவு. 'உங்கள் ஊருக்குள் வரலாமா' என்று வாய்விட்டுக் கேட்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் முறை. அவர் எடுத்துக்கொண்டால் வரலாம் என்று அர்த்தம்.

ஊர் எல்லையிலேயே தொப்பியையும் கூலிங் கிளாஸையும் கழற்றிவிடுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சுலு என்று விற்பார்கள், நம் லுங்கி மாதிரி. ஒன்று வாங்கிச் சுற்றிக்கொள்ளுங்கள், உங்கள் கணவரும்தான். செருப்பு வாசலில். உட்கார்ந்தால் சம்மணம், காலை நீட்ட வேண்டாம். யார் தலையையும் தொடாதீர்கள். குழந்தையைக் கண்டால் தலையைத் தடவிக் கன்னத்தைக் கிள்ளுவது நமக்கு ரத்தத்தில் ஊறியது, அங்கே கையைக் கட்டிக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டிப் போனால் குனிந்து, 'துலோ' என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும்.

மரத் தொட்டியில் கரைத்துச் சிரட்டையில் தருவார்கள். உள்ளங்கையைக் குவித்து ஒரு தட்டு, 'புலா' என்று சொல்லி ஒரே மூச்சு, அப்புறம் மூன்று தட்டு. முடித்ததும் கூடியிருப்பவர்கள் 'மாதா' என்பார்கள். யாரும் அம்மாவைக் கூப்பிடவில்லை, சிரட்டை காலி என்று பொருள். சேறு கலந்த தண்ணீர் மாதிரி இருக்கும், நாக்கு மரத்துப்போகும். சாராயம் இல்லை. மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள், ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பையனுக்குக் கொடுக்க வேண்டாம்.

சரி, இப்போது லாபிக்கு வருவோம்.

யாரென்றே தெரியாத ஒரு கிராமத்துக்கு வேர் வாங்கிக்கொண்டு போய், தொப்பியைக் கழற்றி, தரையில் சம்மணம் போட்டு, உள்ளே வரலாமா என்று கேட்கத் தயாராக இருக்கிறீர்கள். அந்த ஊர்க்காரர்கள் உங்களை அழைக்கக்கூட இல்லை, எல்லாம் டூர்காரர் ஏற்பாடு. மூன்று தடவை கூப்பிட்ட ஒரே வீட்டுக்கு மட்டும் உங்களுக்கு வழி தெரியவில்லை.

'அந்த அம்மா' என்று எழுதியிருக்கிறீர்கள். முறை போட்டுப் பார்த்தீர்களா? கொள்ளுத்தாத்தாவின் தம்பி, அவர் மகன், அந்த மகனின் மகள். உங்கள் மாமனாரும் அவரும் ஒரே தலைமுறை, பங்காளி வீட்டுப் பிள்ளைகள். உங்கள் கணவருக்கு அவர் அத்தை. ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட என்று எத்தனை விட்டாலும் அத்தைதான். நீங்கள் வாழ வந்திருக்கும் வீடு அவருக்குப் பிறந்த வீடு.

பிறந்த வீட்டிலிருந்து ஆள் வருகிறது என்றால் ஒரு பெண்ணுக்கு என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளிக்கு உங்கள் தம்பி ஒரு பையோடு வாசலில் வந்து நின்றால், அந்தப் பையில் என்ன இருக்கிறது என்றா பார்க்கிறீர்கள்? அவன் வந்தான் என்று மாமியாருக்குத் தெரிகிறதே, அதுதான் கணக்கு. இந்த அத்தைக்கு அந்தக் கணக்கில் நூறு வருஷத்துக்கு மேல் பாக்கி.

கரும்புத் தோட்டம் என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள். 1879-இல் லியோனிடாஸ் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் கூட்டத்தைக் கொண்டுபோய் இறக்கியது. 1903-இலிருந்து சென்னையிலும் ஆள் ஏற்றினார்கள். 1916-இல் நிறுத்தும்வரை மொத்தம் 60,000 பேருக்கு மேல் போனார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். 'அக்ரிமென்ட்' அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆயிற்று. பத்து வருஷம் அங்கே கழித்தால் ஊர் திரும்ப இலவசமாகக் கப்பல் உண்டு என்றார்கள். பெரும்பாலானவர்கள் திரும்பவில்லை, உங்கள் வீட்டுத் தம்பியும் திரும்பவில்லை. அண்ணன் இங்கே இருந்துகொண்டார். ஊரில் தம்பி பங்கு என்று ஏதாவது இருந்ததா, இருந்தால் அது என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை.

தமிழ் தெரியாது என்பதை ஒரு காரணமாக எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்தில் வடக்கத்தியரும் தெற்கத்தியரும் ஒன்றாகக் கிடந்ததில் இந்திதான் பொதுமொழியாகி நின்றது. அதற்காக அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1926-இல் தென்னிந்தியர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துப் பள்ளிக்கூடங்கள் நடத்தினார்கள். நாந்திக் கடைத்தெரு முடியும் இடத்தில் முருகனுக்குக் கோபுரத்தோடு கோயில் நிற்கிறது. தீமிதி இன்றும் நடக்கிறது. மொழி போன பிறகும் முருகனை விடாதவர்கள் அவர்கள். உங்கள் பையன் இந்தப் பக்கத்தைத் தட்டுத்தடுமாறாமல் படிப்பானா?

நான் ஒருமுறை அங்கே போயிருக்கிறேன். நாந்தியிலிருந்து வடக்கே போகும் சாலையில், கரும்புக் காட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு வீடு. எனக்குச் சொந்தம் இல்லை, தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். கூடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு ஜெராக்ஸ் தாள் மாட்டியிருந்தது. தலைநகர் சுவாவில் ஆவணக் காப்பகத்திலிருந்து வாங்கிய தாத்தாவின் கப்பல் சீட்டு. பெயர், தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, ஊர், சாதி, உயரம், உடம்பில் உள்ள தழும்பு. எல்லாம் குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியது. தாலுகாவின் பெயரை அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக 'போலர்' என்று படித்துவந்திருக்கிறார்கள். நான் 'போளூர்' என்றேன். பாட்டி நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார், அந்த 'ளூ' வரவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய்ப் பேத்தியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அவளுக்கு வந்தது. பாட்டி அவளை மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது, எனக்கு அவருடைய இந்தி பாதிதான் புரிந்தது. மூன்று மணி நேரம் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தாள் எந்த ரிசார்ட் லாபியிலும் மாட்டியிருக்காது.

லாபியில் என்ன நடக்கும் என்று நானே சொல்கிறேன். அத்தை இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, மகனையோ பேரனையோ கார் ஓட்டச் சொல்லி, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பே வந்துவிடுவார். வரவேற்பில் நிற்கிற பெண் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பாள். சோபாவின் நுனியில் உட்காருவார். மெனு அட்டையில் காபி விலையைப் பார்த்துவிட்டு, இப்போதுதான் குடித்தேன் என்பார். மடியில் ஒரு டிபன் பாக்ஸ் இருக்கும், அதை அங்கே எப்படித் திறப்பது என்று தெரியாது. நீங்கள் செல்ஃபி எடுப்பீர்கள்.

பிஜியின் மண்ணின் மக்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அவர்கள் மனம் நோகக் கூடாது என்பதுதானே உங்கள் கவலை. அவர்களுக்குத் தாய்மாமன் 'மோமோ'. அத்தை மகனும் மாமன் மகனும் 'தவலே', நம் மச்சான் மாதிரி கேலி பேசும் உறவு. அண்ணன் தம்பி கணக்கில் சேராது. இந்த மாதிரி உறவுமுறைக்கு மானுடவியல்காரர்கள் வைத்திருக்கும் பெயரே 'திராவிட வகை'. தாய் பிறந்த ஊரில் மருமகனுக்கு 'வாசு' என்று தனி உரிமை உண்டு. அந்தக் காலத்தில் பெரிய குடும்பத்து வாசு மாமன் ஊரில் புகுந்து பிடித்ததை எடுத்துக்கொண்டு போவானாம், தடுக்க முடியாது. அப்பேர்ப்பட்ட ஊரின் தலைவரிடம் போய், 'என் வீட்டுக்காரரின் அத்தை இங்கே பக்கத்தில்தான் இருக்கிறார், ஹோட்டலுக்கு வரச் சொல்லிப் பார்த்துக்கொண்டோம்' என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு போயிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு சங்கடமாக இருக்காது.

ஞாயிற்றுக்கிழமையை ஏன் ஒதுக்கினீர்கள் என்று தெரிகிறது. அன்று ஊரே தேவாலயத்தில் இருக்கும், கடைகள் பாதி மூடியிருக்கும், கிராமத்துக்குப் போகக் கூடாது. உங்கள் டூரில் அன்று காலியாக இருக்கும். அந்தக் காலி நாளிலும் ஒரு மணி நேரம்தானா? காலையில் கிளம்பி அத்தை வீட்டுக்குப் போங்கள். முருகன் கோயிலுக்கும் அவரே கூட்டிப்போகட்டும். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு திரும்புங்கள்.

சைவம் என்பதை இன்றே சொல்லிவிடுங்கள். அங்கே மீனும் ஆடும் கோழியும் சாதாரணம். பிறந்த வீட்டு ஆட்கள் வருகிறார்கள் என்று ஒரு ஆட்டை வெட்டி வைத்துவிட்டு, நீங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றால் அது வேறு தலைவலி. சைவம் என்றால் தேங்காய்ப் பாலில் கீரையும் கிழங்கும் செய்வார்கள், நன்றாகவே இருக்கும்.

வெறுங்கையோடு போகக் கூடாது. புடவை ஒன்று, காமாட்சி விளக்கு ஒன்று, மாமனார் வீட்டுப் பழைய போட்டோக்களின் பிரதிகள். வடாம், ஊறுகாய் எதுவானாலும் விமான நிலையப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள், அங்கே கெடுபிடி அதிகம். ஊர் மண் கொஞ்சம் முடிந்துகொண்டு போகலாம் என்று யாராவது உருகினால் வேண்டாம் என்று சொல்லுங்கள், விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். புடவையை உங்கள் கணவர் கையால் கொடுக்க வேண்டும், நீங்கள் அல்ல. சீர் அவர் வீட்டுடையது. லாபி யோசனையும் அவருடையதுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம், கடிதத்தில் அவர் வாயைத் திறக்கவே காணோம். அப்படியானால் இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள்.

அங்கே நம்மைவிட ஆறரை மணி நேரம் முந்தி. நீங்கள் காலை பத்து மணிக்கு இதைப் படித்தால் அத்தை வீட்டில் மாலை நாலரை, டீ போட்டுக்கொண்டிருப்பார். போனை எடுத்து, லாபி வேண்டாம், நாங்களே வருகிறோம், எத்தனை மணிக்கு வரலாம் என்று உங்கள் கணவரைக் கேட்கச் சொல்லுங்கள்.