புரோகிராம் போகப் போக இழுக்கிறதே, மெமரியைப் படமாகப் பார்த்தால் காரணம் தெரியுமா?

ஹட்டன், தலவாக்கலை பக்கம் 4 ஜிபி லேப்டாப்பில் புரோகிராமிங் பழகுகிறவர்களுக்கு வரும் கேள்விதான் இது. பெரும்பாலும் தெரியும். புரோகிராமின் எந்தப் பகுதி, எப்போது, எவ்வளவு மெமரி எடுத்தது என்பதை வரைபடமாகக் காட்டும் கருவிகள் இருக்கின்றன.

எடுத்த மெமரியைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தால் ரேம் நிரம்பும். அப்புறம் கணினி ஒரு பகுதியை டிஸ்க்குக்கு மாற்றும். டிஸ்க் ரேமைவிடப் பல மடங்கு மெது, அதனால்தான் இழுக்கிறது.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நிறுத்த சாக்குகளை லொறி ஏற்றிப் போகாவிட்டால் அடுத்த நிறுவைக்கு இடமிருக்காது. மொத்தம் இத்தனை கிலோ என்று தெரிந்து என்ன பயன்? எந்த மலைக் கொழுந்து தேங்கிக் கிடக்கிறது என்பதல்லவா தெரிய வேண்டும்! விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் சொல்வது மொத்தக் கிலோவை மட்டும்.

ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் போன்றவற்றில் தேவையற்ற மெமரியைச் சுத்தம் செய்யும் வேலை தானாக நடக்கும். அதனால் வரைபடத்தில் மெமரிக் கோடு ரம்பப் பல்லாக ஏறி இறங்கும், அது சாதாரணம். உச்சிகளை விடுங்கள், பள்ளங்களைப் பாருங்கள். ஒவ்வொரு பள்ளமும் முந்தையதைவிட மேலே நின்றால் எதுவோ தேங்குகிறது. ஜாவாஸ்கிரிப்ட் என்றால், குரோம் உலாவியின் டெவ்டூல்ஸில் உள்ள மெமரி பகுதியில் சற்று இடைவெளி விட்டு இரண்டு முறை பதிவெடுத்து ஒப்பிட்டால் எது கூடியது என்று தெரியும். சேர்த்துக்கொண்டே போய் ஒருபோதும் அழிக்காத பட்டியல் ஒன்றுதான் அநேகமாக அகப்படும். சி மொழிக்கு வால்கிரைண்ட் என்ற கருவித் தொகுப்பின் மாசிஃப் இருக்கிறது.

மெமரி அதிகமாகக் காட்டினாலே கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: லினக்ஸ் சும்மா கிடக்கும் ரேமில் வாசித்த கோப்புகளை வைத்துக்கொள்ளும், வேறு புரோகிராம் கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும்.