சுவர் ஏறும் மகளுக்கு எந்த ஊர்க் கல்லூரி?

ராணிப்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் சார், "பிளஸ் ஒன் படிக்கிற பொண்ணு, படிப்பா கிளைம்பிங்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிடிகள் பொருத்திய செயற்கைச் சுவரில் ஏறும் விளையாட்டுதான் கிளைம்பிங். நான் கேட்பது வேறு: அடுத்து எந்த ஊரில் படிக்கப் போகிறாள்?

காசு விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். போட்டிப் பரிசை மட்டும் நம்பி நம் நாட்டில் குடும்பம் நடத்த முடியாது. டோக்கியோவிலும் 2024 பாரிஸிலும் ஒலிம்பிக் கிளைம்பிங்குக்கு இந்தியர் எவரும் தகுதி பெறவில்லை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் ஸ்பீட் (வேகமாக ஏறுவது), லீட் (கயிறு கட்டி உயரச் சுவர் ஏறுவது), போல்டரிங் (கயிறில்லாமல் தாழ்ந்த சுவரில் ஏறுவது) மூன்றுக்கும் தனித்தனிப் பதக்கம் என்பதால் வாசல் கொஞ்சம் அகலமாகியிருக்கிறது. ஸ்பீடில் உலகமெங்கும் ஒரே பாதை: 15 மீட்டர் சுவர், அதே பிடிகள், அதே இடங்கள். பாரிஸில் இந்தோனேசியாவின் வெட்ரிக் லியனார்டோ 4.75 விநாடியில் ஏறித் தங்கம் வாங்கினார். மற்ற இரண்டிலும் பாதையைப் போட்டியன்றுதான் கண்ணால் பார்ப்பார்கள். அதனால் விதவிதமான சுவர்களில் கை பழகியிருக்க வேண்டும்.

இங்கேதான் ஊர் முக்கியமாகிறது. சனிக்கிழமை காட்பாடியில் ரயில் ஏறி, பெங்களூரில் ஞாயிறு முழுக்கப் பயிற்சி செய்து, திங்கள் காலை வகுப்பில் தூங்குகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். தேசியப் போட்டிக்கு இது போதாது; வாரத்தில் மூன்று, நான்கு நாளாவது சுவர் வேண்டும். நம் பக்கத்து மலைகளில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை, ஆனால் போட்டி நடப்பது பிளாஸ்டிக் பிடிகளில். பெங்களூரில் கண்டீரவா மைதானச் சுவரும் தனியார் கிளைம்பிங் ஜிம்களும் இருக்கின்றன. பாறை வேண்டுமென்றால் ராமநகரா பக்கம். ஆகவே கல்லூரியைப் பெங்களூரில் தேடுங்கள், சுவருக்கு நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போகும் தூரத்தில். பேர்பெற்ற கல்லூரி என்று ஊர்க்கோடியில் சேர்த்தால் டிராஃபிக்கிலேயே மாலை கழிந்துவிடும்.

பாடம்? பயாலஜி குரூப் என்பதால் பிசியோதெரபி என் முதல் சிபாரிசு. இந்த விளையாட்டில் காயம் பெரும்பாலும் விரலில்தான். வளரும் வயதில் நடுவிரல் மூட்டு வலித்தால் "தானா சரியாயிடும்" என்று விடாதீர்கள், எலும்பின் வளர்ச்சிப் பகுதியே விரிசல் விட்டிருக்கலாம். ஏறுவதை நிறுத்தி எக்ஸ்ரே எடுங்கள். அதற்கு நீங்கள் தூரம் போக வேண்டாம். தொழுநோயாளிகளின் கைகளை டாக்டர் பால் பிராண்ட் அறுவை செய்து நிமிர்த்தியது வேலூர் சி.எம்.சி.யில்தான், கை அறுவைக்கென்று தனித்துறையே அங்கே உண்டு.

கிளைம்பிங் ஷூ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துச் சிரித்தேன். ஷூ கம்பெனி சூப்பர்வைசரான உங்களுக்கு, விரல் மடங்கும் அளவுக்கு இறுக்கமான ஷூவைப் பார்த்தால் கை பதறத்தான் செய்யும். அதன் லாஸ்ட்டே (ஷூவுக்கு வடிவம் தரும் அச்சு) முன்பக்கம் கீழ்நோக்கி வளைந்தது; நகத்தளவு பிடியில் பெருவிரலை ஊன்றி நிற்பதற்காக. கொஞ்சம் இறுக்கம் வேண்டியதுதான். ஆனால் வளரும் காலுக்கு இரண்டு சைஸ் குறைத்து வாங்கச் சொல்லும் கோச்சின் பேச்சைக் கேட்காதீர்கள்.

இன்னொன்று, இதை அவள் அம்மா கவனிக்கட்டும். எடை குறைந்தால் ஏறுவது சுலபம் என்று பிள்ளைகள் பட்டினி கிடப்பது இந்த விளையாட்டின் பழைய நோய். மாதவிலக்கு தள்ளிப்போனாலோ சாப்பாட்டைத் தட்டில் தள்ளித் தள்ளி வைத்தாலோ டாக்டரிடம் போங்கள்.

முப்பது வயதுக்குப் பின்? கோச்சிங், ஜிம்களில் பாதை அமைக்கும் ரூட் செட்டர் வேலை, காற்றாலைகளிலும் உயரக் கட்டடங்களிலும் கயிற்றில் தொங்கிச் செய்யும் ரோப் ஆக்சஸ் வேலை, இவையெல்லாம் உண்டு. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு இடஒதுக்கீடும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் கிளைம்பிங் உண்டா, எந்த அளவு போட்டிச் சான்றிதழ் செல்லும் என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் நேரில் கேளுங்கள். இந்திய மலையேற்ற அறக்கட்டளை நடத்தும் மண்டல, தேசியப் போட்டிச் சான்றிதழ்கள் ஒன்றையும் தொலைக்காதீர்கள்.

அடுத்த முறை சான்றிதழ்களோடு மகளையும் கூட்டி வாருங்கள். அரை மணி நேரம் அவளிடம் தனியாகப் பேச வேண்டும், நீங்கள் வெளியே டீ குடித்துக்கொண்டிருங்கள்.