சுற்றுலா ஊரில் ஜீப்ரா கோட்டில் வண்டிகளை நிற்க வைப்பது எப்படி?

கேள்வி: வெளியூர்க்காரர்கள் நிறைய வந்துபோகும் நெரிசலான ஊரில், ஜீப்ரா கோட்டில் நடப்பவர்களுக்கு வண்டி ஓட்டுபவர்கள் வழிவிடுவதே இல்லை. இதற்கு என்ன செய்யலாம்? அபராதம் போட்டால் சரியாகிவிடுமா?

அபராதம் மட்டும் போட்டால் சரியாகாது. முதலில் கோடு போட்டிருக்கும் இடத்தின் அமைப்பை மாற்ற வேண்டும். அப்புறம் அந்த ஊரில் தினமும் ஓட்டுகிறவர்களைப் பழக்க வேண்டும். அபராதம் அதற்குப் பிறகுதான். நான் காரைக்குடிக்காரன். வெளியூர், வெளிநாட்டு விருந்தினர்களுக்குச் செட்டிநாட்டு வீடுகளையும் கோயில்களையும் சுற்றிக்காட்டுவது என் தொழில். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் பார்ப்பதற்கும், சாப்பிடுவதற்கும், வேனில் ஏறுவதற்கும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சாலையைக் கடந்துகொண்டே இருப்பேன். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

"நம்ம ஆளுங்க நிக்கவே மாட்டாங்க, அது ரத்தத்துல இல்ல" என்று பலர் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி பழனிக்கு நடந்து போகும் நாட்களில் எங்கள் பக்கச் சாலைகளைப் பாருங்கள். பஸ்ஸும் லாரியும் வேகத்தைக் குறைத்து, ஒதுங்கி, ஆள் போனபிறகே நகரும். மாசி பங்குனித் திருவிழாவில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலுக்குப் பால்குடம் வரும்போதும் அப்படித்தான். மற்ற நாளில் கோட்டின் மேல் நிற்கும் ஆச்சியைப் பார்த்து ஹாரன் அடிப்பதும் இதே டிரைவர்கள்தான். அந்த நாட்களில் மட்டும் என்ன மாறுகிறது? ஆட்கள் வருவார்கள் என்று எல்லாருக்கும் முன்பே தெரியும். அவர்கள் கூட்டமாக, கண்ணுக்குத் தெரியும்படி வருகிறார்கள். எல்லா வண்டியும் மெதுவாகப் போவதால், நிற்கிற வண்டிக்குப் பின்னால் இருந்து ஆபத்து இல்லை.

இதில் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம் என்று எனக்குப் புரிய வைத்தவர், எங்களுக்கு அடிக்கடி வேன் ஓட்டும் ஒரு அண்ணன். "அண்ணே, கோடு போட்டிருக்கே, கொஞ்சம் நின்னு போனா என்ன?" என்று கேட்டேன். "நான் நின்னுருவேன் தம்பி. பின்னாடி வர்ற பஸ்காரனுக்கு நான் நிக்கப்போறேன்னு தெரியாதுல்ல? அவன் என் மேல ஏத்திட்டா, உள்ள இருக்கிற பன்னெண்டு பேருக்கு யார் பதில் சொல்றது?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நிற்பது அந்த இடத்தில் வழக்கம் இல்லை என்றால், நிற்பவர்தான் ஆபத்தில் மாட்டுகிறார்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2017-இன் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகளின்படி, சிக்னல் இல்லாத நடப்போர் கடக்கும் இடத்தை நெருங்கும் டிரைவர் வேகத்தைக் குறைத்து, நின்று, நடப்பவருக்கு வழிவிட வேண்டும். நெரிசலில் கோட்டின் மேல் வண்டியை நிறுத்தி அடைக்கவும் கூடாது. மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 177ஏ பிரிவின்படி 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம். இருந்தும், 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். இந்த எண்ணைப் படித்த பிறகும் ஜீப்ரா கோட்டை வெறும் அலங்காரமாக நினைக்க என்னால் முடியவில்லை.

சரி, அமைப்புக்கு வருகிறேன். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார், ஆளைப் பார்த்து, பிரேக் மிதித்து, முழுசாக நிற்க ஏறக்குறைய 28 மீட்டர் ஆகும். 30-இல் வந்தால் 13 மீட்டர் போதும். 50-இல் வருகிறவர் மனசு வைத்தாலும் நிற்க முடியாத தூரத்தில், 30-இல் வருகிறவர் சாதாரணமாக நின்றுவிடுவார். ஆகவே வழிவிடு என்று கேட்பதற்கு முன்னால் வேகத்தை இறக்கியாக வேண்டும். அதற்கு நான் பார்த்தவரையில் சிறந்த வழி, கோட்டையே மேடையாக்குவது. சாலையின் அந்தப் பகுதியை நடைமேடை உயரத்துக்கு உயர்த்தி, இரண்டு பக்கமும் சரிவு கொடுத்து, மேலே தட்டையாக விட்டு, அதில் ஜீப்ரா கோடு போட வேண்டும். வண்டி ஏறி இறங்க வேண்டியிருப்பதால் வேகம் தானாகக் குறையும். நடப்பவரும் உயரத்தில் நிற்பதால் நன்றாகத் தெரிவார். முழங்கால் வலிக்காரர்களுக்குப் படி இறங்கி ஏறும் வேலையும் இல்லை.

இதற்குப் பதிலாக நம் ஊர்களில் ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக ஒரு வேகத்தடையைப் போட்டுவிடுகிறார்கள். பைக்காரர் அதன் ஓரத்து இடைவெளியில் புகுந்து, நடப்பவரின் காலடியில்தான் வருவார். இந்தியச் சாலைகள் பேரவையின் வழிகாட்டுதல் சொல்லும் வேகத்தடையே 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டது. மணிக்கு 25 கிலோமீட்டரில் வசதியாகக் கடக்கலாம், அதற்கு மேல் போனால்தான் தூக்கிப்போடும். கண்ணுக்குக் கட்டை மாதிரி தெரியும் 3டி ஓவியக் கோடுகளிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. தினமும் வருகிறவருக்குச் சீக்கிரம் பழகிவிடும், புதிதாக வருகிறவர் பதறி பிரேக் போடுவார்.

இன்னொரு ஆபத்தை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கார் நல்ல மனதோடு நிற்கிறது. நடப்பவர் இறங்குகிறார். நின்ற காரை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் ஒரு பைக் பாய்கிறது. கார் மறைப்பதால் இருவருக்குமே ஒருவரை ஒருவர் தெரியாது. நூறடிச் சாலை மாதிரி அகலமான இடத்தில் இது சாதாரணமாக நடக்கும். நிறுத்தக் கோட்டை ஜீப்ரா கோட்டை ஒட்டிப் போடாமல் சில மீட்டர் முன்னாலேயே போட வேண்டும். நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டு வேண்டும். கோட்டுக்கு இரண்டு பக்கமும் வேனோ ஆட்டோவோ தள்ளுவண்டியோ நிற்கக் கூடாது, ஏனென்றால் அந்த மறைவில் இருந்துதான் குழந்தைகள் வெளியே வருகிறார்கள். பஸ் நிறுத்தம் கோட்டைத் தாண்டி இருக்க வேண்டும். அப்போதுதான் இறங்குகிறவர்கள் பஸ்ஸின் முன்னால் ஓடாமல் பின்னால் நடந்து வந்து கடப்பார்கள். ராத்திரிக்கு விளக்கு வேண்டும். அதுவும் கோட்டுக்கு நேர் மேலே இல்லாமல், வண்டி வரும் பக்கம் சற்று முன்னால். இல்லையென்றால் ஆள் வெறும் நிழலாகத்தான் தெரிவார்.

இனி ஆட்கள். சுற்றுலா ஊர் என்றதும் வெளியூர் வண்டிகளை எப்படித் திருத்துவது என்று மலைத்துப் போகிறோம். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டாலும், ஊருக்குள் திரும்பத் திரும்ப ஓட்டுகிறவர்கள் யார் என்று பாருங்கள். டவுன் பஸ், மினி பஸ், ஷேர் ஆட்டோ, பள்ளி வேன், ஹோட்டல்களுக்கு ஓடும் டாக்ஸி. இவர்களுக்கு ஸ்டாண்டு இருக்கிறது, சங்கம் இருக்கிறது, முதலாளி இருக்கிறார். ஓர் இடத்தைச் சொல்லி, இந்தத் தேதி முதல் இங்கே எல்லாரும் நிற்கப் போகிறோம் என்று இவர்களிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தால், பின்னால் வரும் சென்னை வண்டியும் பெங்களூரு வண்டியும் நின்றே தீர வேண்டும். முன்னால் மினி பஸ் நின்றால் தாண்டிப் போக இடமேது? ஊர் முழுக்க ஒரே நாளில் மாற்றப் பார்க்காமல், ஓர் இடத்தில் நிற்க வைத்துக் காட்ட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அமெரிக்காவில் கெயின்ஸ்வில், செயின்ட் பால் ஆகிய ஊர்களில் போன வாரம் எத்தனை சதவீதம் டிரைவர்கள் நடப்பவர்களுக்கு நின்றார்கள் என்று சாலையோரத்தில் பலகை வைத்தார்கள். நிற்பவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் மற்றவர்களும் நின்றார்கள். இங்கே கல்லூரி மாணவர்களை வைத்து எண்ணி, தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். பொலிவியாவின் லா பாஸ் நகரில் 2001 முதல் இளைஞர்கள் வரிக்குதிரை வேடம் போட்டுக்கொண்டு கோட்டில் நின்று ஆட்கள் சாலையைக் கடக்க உதவுகிறார்கள், வண்டிக்காரர்களிடம் சிரித்துப் பேசியே நிறுத்துகிறார்கள். நமக்குப் பொய்க்கால் குதிரை இருக்கிறது. சீசன் மாதங்களின் சனி ஞாயிறில் பொய்க்கால் குதிரைக் கலைஞர்களுக்கு உரிய சம்பளம் கொடுத்து இந்த வேலைக்கு அழைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கலைக்கும் வேலை கிடைக்கும், திட்டு வாங்காமல் டிரைவரும் நிற்பார்.

இவ்வளவும் செய்தபிறகு அபராதம் போடுங்கள். சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் கோட்டில் கடக்கட்டும், நிற்காத வண்டியைச் சற்றுத் தள்ளி இன்னொருவர் மடக்கட்டும். முதல் சில வாரம் எச்சரிக்கை, அப்புறம் ரசீது. எப்போதாவது போடும் பெரிய தொகையைவிட, தவறாமல் மாட்டுவோம் என்ற எண்ணம் நன்றாக வேலை செய்யும்.

அதுவரை விருந்தினர்களிடம் நான் சொல்வது: தனியாக இறங்காதீர்கள், சேர்ந்து இறங்குங்கள். கையை நீட்டிக் காட்டுங்கள். டிரைவரின் முகத்தைப் பாருங்கள், வண்டி நிற்கத் தொடங்கிய பிறகே கால் வையுங்கள். அடுத்த வரிசையையும் எட்டிப் பாருங்கள். நடுவில் ஓடவோ திடீரென்று பின்வாங்கவோ வேண்டாம். ஐரோப்பாவில் இருந்து வருகிறவர்களுக்கு இதை இரண்டு தடவை சொல்கிறேன். கோட்டை நம்பி அப்படியே இறங்கிவிடுவார்கள்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி மாதிரி ஊர்களுக்கு இந்த வைத்தியம் பொருந்தாது. அங்கே ஒரு தெருவில் தொடங்கும் வீடு அடுத்த தெருவில் முடிகிறது. அந்த முகப்பை முழுசாகப் படம் எடுக்க ஆட்கள் நிமிர்ந்து பார்த்தபடியே பின்னால் நடந்து நடுத்தெருவுக்கு வந்துவிடுவார்கள். அங்கே எந்த இடத்தில் கோடு போடுவீர்கள்? தெரு மொத்தத்துக்கும் 20 கிலோமீட்டர் வேகம் வைத்து, வேன்களை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டு நடக்க வைப்பதே நல்லது. 2014-இல் இருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கும் ஊர்களுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

உங்கள் ஊரில் தொடங்க நினைத்தால், அந்தச் சாலை யாருடையது என்று முதலில் பாருங்கள். உள்ளூர்த் தெரு என்றால் மாநகராட்சி அல்லது பேரூராட்சி, மாநிலச் சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை. திருமயத்தில் இருந்து காரைக்குடி வழியாகப் போகும் 536 மாதிரி தேசிய நெடுஞ்சாலை என்றால் வழி வேறு. அங்கே பொதுவாக வேகத்தடை அனுமதிக்க மாட்டார்கள், நடுத்திட்டும் விளக்கும் சிக்னலும் கேட்க வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர் நாளில் மனு கொடுத்து, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவில் வைக்கச் சொல்லுங்கள். மனுவில் "ஜீப்ரா கோடு போட்டுத் தரவும்" என்று எழுதாதீர்கள், பெயின்ட் அடித்துவிட்டுக் கணக்கை முடித்துவிடுவார்கள். "உயர்த்திய நடப்போர் கடப்பு, நடுத்திட்டு, முன்தள்ளிய நிறுத்தக் கோடு, இரு பக்கமும் பார்க்கிங் தடை, விளக்கு" என்று ஒவ்வொன்றாக எழுதி, பள்ளி விடும் நேரத்தில் எடுத்த படங்களை இணையுங்கள். கடைக்காரர்களிடம் முன்பே பேசிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பார்க்கிங் போகிறது என்று முதலில் எதிர்ப்பது அவர்களாகத்தான் இருக்கும்.