வாசகர் கேள்வி: "லைசென்ஸ் இருக்கு, இன்சூரன்ஸ் மட்டும் தரமாட்டேங்குறான்!"

கேள்வி: டெக்சாஸ்ல இருக்கேன் சார். செஸ்னா 172 குட்டி விமானத்துல 280 மணி நேரம் ஓட்டியிருக்கேன். ஒருத்தர் கிட் வாங்கி சொந்தமா கட்டுன லான்கேர் 4-பி விமானம் விலைக்கு வருது. ரெண்டு இன்சூரன்ஸ் கம்பெனி முடியாதுன்னுட்டாங்க, மூணாவது ஆளு ட்ரெயினிங் முடிச்சா பாக்கலாம்ங்குறான். எஃப்.ஏ.ஏ.வே (அமெரிக்க விமானத்துறை அமைப்பு) இதுக்கு தனி டைப் ரேட்டிங் (அந்த மாடலுக்குன்னே தனி தகுதி) கேக்கலையே, இவன் யாரு கேக்குறதுக்கு?

பதில்: பணம் குடுக்கப்போறவன் அவன்தானே, கேக்கத்தான் செய்வான்! சட்டத்துல டைப் ரேட்டிங் இல்ல, சரி. ஆனா காம்ப்ளெக்ஸ் (சக்கரம் உள்ள மடங்குற மாதிரி வகை), ஹை பெர்ஃபார்மன்ஸ் (பெரிய இன்ஜின்), ஹை ஆல்டிட்யூட் (ரொம்ப உயரத்துல பறக்குறது)னு மூணுக்கும் இன்ஸ்ட்ரக்டர் உங்க லாக்புக்ல கையெழுத்து போட்டாகணும், அது கைல இருக்கா பாருங்க.

இப்ப றெக்கைய பாருங்க. உங்க 172க்கு 174 சதுர அடி, லான்கேர் 4க்கு வெறும் 98, அதுல 172ய விட சுமார் ஆயிரம் பவுண்டு சாஸ்தி எடை உக்காந்திருக்கு, அதனாலதான் மேல போனா மணிக்கு 300 மைலுக்கு மேல பறக்குது, அதே காரணத்துக்குத்தான் வேகம் கொறைஞ்சா மன்னிக்காது. 172 ஸ்டால் ஆனா (றெக்கை தூக்குற சக்திய இழந்தா) மூக்க தொங்கப்போட்டு கெஞ்சும், நீங்க யோக்க (ஸ்டீயரிங் மாதிரி பிடிய) விட்டா சரியாயிடும். லான்கேர் ஒரு பக்க றெக்கைய சட்டுனு கவுத்துடும். ரன்வேக்கு திரும்புற கடைசி வளைவுல 500 அடி உயரத்துல அது நடந்தா மீட்க உயரமே இல்ல. 2009ல எஃப்.ஏ.ஏ.வே எச்சரிக்கை விட்டுச்சு: சொந்தமா கட்டுன விமானங்கள்ல லான்கேர் 3 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல, ஆனா அதுக்கு முந்தின 11 மாச உயிர்ச்சேத விபத்துல 16 சதவீதம். இன்சூரன்ஸ்காரனும் இதத்தான் பாப்பான்.

ட்ரெயினிங் வாங்கணும்னா விமானம் வேணும், விமானம் எடுக்க இன்சூரன்ஸ் வேணும், இன்சூரன்ஸுக்கு ட்ரெயினிங் வேணும்னு தலை சுத்தும். வழி இருக்கு. லான்கேர் தெரிஞ்ச இன்ஸ்ட்ரக்டர் கூட இத்தன மணி நேரம், அப்பறம் தனியா இத்தன மணி நேரம், அதுக்கு மேலதான் ஆள் ஏத்தலாம்னு பாலிசியிலயே கண்டிஷன் எழுதி தருவாங்க. லான்கேர் ஓனர்களே சேர்ந்து 2008ல ஆரம்பிச்ச லோபோ அமைப்புல இதுக்குன்னு ட்ரெயினிங் இருக்கு, மொதல்ல அவங்ககிட்ட பேசுங்க. இன்ஸ்ட்ரக்டரும் பாலிசியில கவர் ஆகுறாரான்னு எழுத்துல கேட்டுடுங்க, இல்லேன்னா உங்களுக்கு நஷ்டஈடு குடுத்துட்டு கம்பெனி அவர் மேல கேஸ் போட வாய்ப்பிருக்கு, பாவம் அந்த மனுஷன்.

இன்னொன்னு, 10 லட்சம் டாலர் லயபிலிட்டின்னு (அடுத்தவங்களுக்கு நஷ்டஈடு) பெருசா போட்டிருப்பான், கீழ பொடி எழுத்துல பயணி ஒருத்தருக்கு 1 லட்சம்தான்னு இருக்கும். வீட்டம்மாவ பக்கத்துல உக்கார வைக்குறவரு அந்த வரிய படிக்கணும்.

கேள்வி: என் ஆர்.வி. விமானத்த (வேன்ஸ் கம்பெனி கிட்ல கட்டுனது) நண்பர் ஒருநாள் ஓட்டிப் பாக்கட்டுமா?

பதில்: பாலிசியில அவர் பேர் இருந்தா தாராளமா. பேர் இல்லேன்னா ஓபன் பைலட் க்ளாஸ்ல (பேர் இல்லாத பைலட்டுக்குன்னு பாலிசியில இருக்குற நிபந்தனை) கேட்டிருக்குற மொத்த மணி நேரம், அதே மாடல்ல மணி நேரம் ரெண்டும் அவருக்கு இருக்கணும். ஒண்ணு கொறைஞ்சாலும் சாவிய குடுக்காதீங்க, காபி வேணா குடுங்க.