வைஃபை நெரிசல்: வேலூர்க்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

பாபு ராவ் தெருவில் லாட்ஜ் நடத்துபவர்: சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வரும் வெளிமாநிலத்தார்தான் எங்களிடம் தங்குகிறார்கள். மாடிக்கு மூன்று ரவுட்டர் வைத்தும் ராத்திரியானால் ஊருக்கு வீடியோ கால் பேச முடியவில்லை என்று சண்டை. இன்னும் இரண்டு வாங்கட்டுமா சார்?

வாங்காதீர்கள், இருப்பதிலேயே சிலவற்றை அணையுங்கள். வைஃபை பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். அதே சேனலில், அதாவது அலைவரிசையின் அதே துண்டில், வேறு கருவி பேசினால் அது முடியும்வரை காத்திருக்கும். உங்கள் ரவுட்டர், பக்கத்து லாட்ஜ் ரவுட்டர், அத்தனை அறைகளின் போன்கள், எல்லாம் ஒரே வரிசை. யாருமே பயன்படுத்தாத ரவுட்டர்கூடத் தன் பெயரை நொடிக்குப் பத்து முறை அறிவித்துக்கொண்டே இருக்கும், அதுவும் மெதுவான வேகத்தில். ரவுட்டரைக் கூட்டினால் வரிசைதான் நீளும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 சேனல்கள் மட்டும், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். மேல்மாடி, கீழ்மாடிக்கு வேறு வேறு சேனல். பவரைக் குறையுங்கள். ரவுட்டர் கத்துவது போனுக்குக் கேட்கும், போன் முனகுவது ரவுட்டருக்குக் கேட்காது. போனில் சிக்னல் கோடு முழுசாக இருந்தும் கால் அறுவது பெரும்பாலும் இதனால்தான். 5 கிகாஹெர்ட்ஸை ஆன் செய்யுங்கள். சுவர் தாண்டினால் அது சீக்கிரம் தேய்ந்துவிடும், அடுத்தவரோடு இடிக்காது, லாட்ஜுக்கு அதுவே வசதி. மாடிக்கு மாடி கேபிள் இழுங்கள். வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் பூஸ்டர் வேண்டாம்.

காட்பாடி: மைக்ரோவேவ் ஓடினால் நெட் நிற்கிறது. அடுப்பு பழுதா?

இல்லை. அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் வேலை செய்கிறது, கொஞ்சம் கசியும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

சத்துவாச்சாரி: எது நல்ல சேனல்?

மேலே சொன்னேன்.

தொரப்பாடி மாணவர்: அண்ணா, ஆப்பில் பார்த்தால் 1, 6, 11 நிரம்பி வழிகிறது, 3 காலி. காலியான இடத்தில் உட்காராமல் ஏன் கூட்டத்தில் போய் இடிக்க வேண்டும்?

காலி என்று ஆப் சொல்வது, மூன்றாம் சேனலில் வைத்த ரவுட்டர் இல்லை என்பதை. சேனல்களுக்கு இடையே தூரம் 5 மெகாஹெர்ட்ஸ், ஒவ்வொன்றின் அகலமோ சுமார் 20. மூன்றில் உட்கார்ந்தால் 1-ன் மேல் பாதி, 6-ன் மேல் கால் பங்கு விழுவாய். ஒரே சேனல் என்றால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியும், மைனஸ் 82 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) என்ற மெல்லிய அளவிலேயே வழிவிடுவார்கள். அரைகுறையாக மேல்விழுந்த பேச்சு வெறும் இரைச்சல். அதற்கு வழிவிட மைனஸ் 62 வேண்டும், அதாவது நூறு மடங்கு பலம். அதற்குக் கீழே இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பேசிக் கெடுப்பார்கள்.

அதே தம்பி: அப்படியென்றால் இந்தியாவில் 13 வரை உண்டே, 1, 5, 9, 13 என்று நான்காகப் பிரிக்கலாமே?

நல்ல கேள்வி. பழைய வைஃபை தரமான 802.11பி காலத்து 22 மெகாஹெர்ட்ஸ் கணக்கில் இடிக்கும். இன்றைய 20-க்குச் சரியாகவே பொருந்தும். தெரு முழுக்க ஒத்துக்கொண்டால் லாபம்தான். நீ மட்டும் 5-ல் போனால் ஆறில் இருப்பவர் உன்னைத் தின்பார், நீ அவரைத் தின்பாய். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த சில லேப்டாப்களுக்கு 13 கண்ணிலேயே படாது. ஹாஸ்டலில் எல்லாரையும் சம்மதிக்க வைத்துவிட்டு வா, மறுபடி பேசலாம்.

குடியாத்தம்: ப்ளூடூத் ஹெட்செட்டும் தொந்தரவா?

கொஞ்சம். நொடிக்கு 1600 முறை அலைவரிசைக்குள் இடம் மாறுகிறது, நெரிசலான இடத்தைத் தவிர்க்கவும் தெரியும். அதைவிட ரவுட்டரை ஒட்டி வைத்த யு.எஸ்.பி. 3 ஹார்ட் டிஸ்க்கைத் தள்ளி வையுங்கள். அதன் இரைச்சல் 2.4-ல் நேராக விழுகிறது.

வாலாஜாபேட்டை: பக்கத்து வீட்டார்மேல் புகார் கொடுக்கலாமா?

முடியாது. 2.4 லைசென்ஸ் இல்லாத அலைவரிசை. 2005-லிருந்து யாரும் பயன்படுத்தலாம், இடிபட்டால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. சேனல் 6-ஐ அவருக்கு விட்டுக்கொடுத்து நீங்கள் 11-க்குப் போங்கள்.

ஆம்பூர்: குழந்தைக்குக் கதிர்வீச்சு ஆபத்தா?

டாக்டரைக் கேளுங்கள், நான் ரவுட்டர்காரன்.

ராணிப்பேட்டை: சார், மொபைல் சிக்னலுக்கு ஆன்லைனில் ஒரு பூஸ்டர் பார்த்தேன்...

அனுமதியில்லாமல் வைப்பது சட்டப்படி குற்றம். தெருவில் உள்ள எல்லாருடைய போன் சிக்னலும் கெடும். வாங்கிவிட்டீர்களென்றால் பிளக்கைப் பிடுங்குங்கள்.