விளையாட்டில் வரும் சாமிகளுக்கு லைசென்ஸ் வேண்டுமா?

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளை வைத்து 24 பக்கத்தில் ஒரு சாகசம் எழுதியிருக்கிறேன். பி.டி.எஃப் ஆக விற்க ஆசை. கதையில் ஆறு தெய்வங்கள் வருகிறார்கள்: லத்தாண்டர், ஷார், தோர், டியாமட், அப்புறம் நானே உருவாக்கிய இருவர். ஒருவர் இந்தப் பெயர்களுக்கெல்லாம் உரிமம் வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணமும் விற்பனையில் பங்கும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் ஆறு பேரில் மூவருக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இருவரை அந்தத் தரகர் வாங்கித் தரப்போவதில்லை. மிச்சமிருக்கும் ஒருவர்தான் வம்பு. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் எஸ்.ஆர்.டி 5.1 என்ற ஆவணத்தில் இருக்கின்றன. 2023 ஜனவரியில், இந்த விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் அதைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில், வெளியிட்டது. மனமுவந்து செய்ததாக நினைக்க வேண்டாம். 2000 முதல் புழக்கத்தில் இருந்த திறந்த உரிமத்தை மாற்றப் பார்த்தார்கள், வரைவு கசிந்தது, ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள், பிறகுதான் இறங்கி வந்தார்கள். எப்படியோ, கொடுத்ததை இனி திரும்பப் பெற முடியாது. இதற்கு விண்ணப்பம் கிடையாது, கட்டணம் கிடையாது, ஒப்புதல் கடிதமும் கிடையாது. ஆவணத்தின் தொடக்கத்தில் உள்ள நன்றி வாசகத்தை எழுத்து மாறாமல் உங்கள் நூலில் சேர்த்தால் போதும். ‘ஐந்தாம் பதிப்போடு பொருந்தும்’ என்று அட்டையில் போட்டுக்கொள்ளலாம். நிறுவனத்தின் பெயரை வேறெங்கும் இழுக்காதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் தன் ‘உரிமப் பத்திரத்தை’ என்னிடம் காட்டினார். மேலே முத்திரை, கீழே கையெழுத்து. உள்ளே இருந்தது இதே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் வாசகம். யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்றுக்கு அவர் காசு கொடுத்திருந்தார். ‘வணிக உரிமையோடு நூறு தெய்வங்கள்’ என்று விற்கும் தொகுப்புகளும் இதே ரகம்தான். ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். பாதிப் பேர் பிரபல உலகங்களின் தெய்வங்கள், பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தது. விற்பவருக்கே சொந்தமில்லாததை அவர் உங்களுக்கு எப்படித் தருவார்? புகார் வந்தால் கடையிலிருந்து இறங்கப்போவது உங்கள் நூல்.

சரி, தெய்வங்களுக்கு வருவோம். தோர் பழைய நார்ஸ் தெய்வம், பொதுச் சொத்து. எஸ்.ஆர்.டி 5.1இன் பின்னிணைப்பில் கெல்டிக், கிரேக்க, எகிப்திய, நார்ஸ் தெய்வங்களின் பட்டியலே இருக்கிறது. தோருக்குச் சின்னம் சுத்தியல், டொமைன் (அதாவது அவரது ஆட்சித் துறை) டெம்பெஸ்ட், புயல், என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த டெம்பெஸ்ட் என்ன சக்தி தரும் என்று தேடினால் ஆவணத்தில் கிடைக்காது. தெய்வத்திடம் சக்தி பெறும் பூசாரிப் பாத்திரமான கிளெரிக்குக்கு அதில் முழுதாக உள்ளது லைஃப் டொமைன் ஒன்றுதான். சாமியைக் கொடுத்துவிட்டு வரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அதற்காக, காசு கொடுத்து வாங்கிய விதிப்புத்தகத்திலிருந்து டெம்பெஸ்ட் பகுதியை அப்படியே தட்டச்சு செய்துவிடாதீர்கள். பெயரைக் குறிப்பிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லத்தாண்டரும் ஷாரும் விசார்ட்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கற்பனை உலகத்தவர்கள். அவர்களை எடுத்துவிடுங்கள். விடியலுக்கு ஒரு தெய்வம், இருளுக்கு ஒரு தெய்வம் என்ற எண்ணம் யாருக்கும் சொந்தமில்லை, புதிதாக எழுதுங்கள். ஆனால் நிலவுத் தெய்வமான இரட்டைச் சகோதரியோடு ஓயாத பகை என்ற கதையை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றினால், அது ஷாருக்கு ஒட்டுமீசை வைத்த மாதிரிதான். அவர்கள் இருந்தே ஆக வேண்டும் என்றால் அந்த நிறுவனத்தின் அனுமதியோடு நடக்கும் டி.எம்.ஸ் கில்ட் தளத்தில் விற்கலாம். அங்கே விலையில் பாதிதான் உங்கள் கைக்கு வரும், வேறெங்கும் அதை விற்க முடியாது. உங்கள் சொந்தத் தெய்வங்களையும் அங்கே எழுதும் மற்றவர்கள் எடுத்தாளலாம். பலர் இந்தக் கடைசி வரியைப் படிக்காமலே ‘சம்மதம்’ பொத்தானை அழுத்துகிறார்கள்.

இனி டியாமட். பெயர் பழைய பாபிலோனியப் படைப்புக் கதையில் வருவது. அங்கே அவள் ஆதி உப்புக்கடல். மர்துக் என்ற தெய்வம் அவளைக் கொன்று, உடலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானமாக விரிக்கிறான். அந்த டியாமட்டை நீங்கள் தாராளமாக எழுதலாம். வெள்ளை, கறுப்பு, பச்சை, நீலம், சிவப்பு என்று ஐந்து நிறத்தில் ஐந்து தலை கொண்ட டிராகன் அரசி பாபிலோனில் கிடையாது. அவள் இந்த விளையாட்டில் பிறந்தவள். அவளுடைய எதிரி பஹமூட்டும் அப்படித்தான். அரபுக் கதைகளில் அது உலகின் பாரத்தைத் தாங்கும் ராட்சத மீன். பிளாட்டினம் டிராகன் ஆனது இங்கே வந்த பிறகு. ஆகவே பெயரை விரலால் மறைத்துவிட்டு உங்கள் வர்ணனையைப் படித்துப் பாருங்கள். கடல் தெரிந்தால் விடலாம், டிராகன் தெரிந்தால் மாற்றி எழுதுங்கள். தோருக்கும் இதே சோதனைதான். பழங்கதைகளில் அவருக்குச் செந்தாடி. பொன்னிற முடியும் சிவப்பு மேலாடையும் காமிக்ஸ்காரர்கள் போட்டுவிட்டவை.

இதெல்லாம் பொடி ஆட்களுக்கு மட்டும் வரும் தொல்லை என்று எண்ண வேண்டாம். இதே விளையாட்டுக்காக 1980இல் வந்த ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ நூலின் முதல் அச்சுகளில், வேறு எழுத்தாளர்களின் கதைகளிலிருந்து எடுத்த கதுல்ஹு, மெல்னிபோனே என்ற இரு தெய்வத் தொகுதிகள் இருந்தன. அவற்றுக்கான விளையாட்டு உரிமம் வேறொரு நிறுவனத்திடம் இருந்ததால், பின்வந்த அச்சுகளில் இரண்டும் காணாமல் போயின. புத்தகம் 144 பக்கத்திலிருந்து 128க்கு இளைத்தது.

நீங்கள் உருவாக்கிய இருவரும் உங்களுடையவர்கள்தான். எஸ்.ஆர்.டி வெளியான உரிமத்தில், ‘உன் படைப்பையும் பொதுவில் விடு’ என்ற நிபந்தனை கிடையாது. அவர்கள் உங்கள் பெயருக்கு உரியவர்கள் என்று முதல் பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். அட்டைப் படத்துக்கு ஓவியரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தால் இன்றைக்கே கூப்பிட்டு, டியாமட்டுக்கு எத்தனை தலை போட்டிருக்கிறார் என்று கேளுங்கள்.