மின்வலை: வாசகர் கேள்வி பதில்

சேலம் மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்த முறை ஸ்காடா, ஈ.எம்.எஸ். என்ற இரண்டைச் சுற்றியே இருக்கின்றன. தூரத்துத் துணைமின் நிலையத்தின் அளவுகளைத் திரைக்குக் கொண்டுவந்து, மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் பிரேக்கரை இங்கிருந்தே இயக்க வைப்பது ஸ்காடா. அந்த அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டு, மின்வலையின் இப்போதைய நிலை என்ன, ஒரு லைன் போனால் அடுத்து என்ன ஆகும் என்று சொல்வது ஈ.எம்.எஸ்.

ஏற்காடு நாகலூர் பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் கிளை முறிந்து 11 கிலோவோல்ட் கம்பி அறுந்தது. வெகுநேரம் பாறைமேல் உயிரோடு கிடந்திருக்கிறது. பிரேக்கர் ட்ரிப் ஆகி மின்சாரத்தைத் துண்டிக்கவில்லை. எல்லாம் கம்ப்யூட்டர் என்கிறார்களே, கன்ட்ரோல் ரூமுக்குத் தெரியாதா?
– தோட்ட உரிமையாளர், ஏற்காடு

தெரியாது. மின்வலையை மேற்பார்க்கும், சென்னையில் உள்ள மாநில லோடு டெஸ்பாட்ச் சென்டரின் பார்வை பெரிய லைன்களோடும் துணைமின் நிலையங்களோடும் நின்றுவிடுகிறது. உங்கள் பகுதிக்கு வரும் 11 கிலோவோல்ட் லைனை, அதாவது ஃபீடரை, காக்க வேண்டியது துணைமின் நிலையத்தில் பழுதை உணர்ந்து பிரேக்கருக்கு உத்தரவு தரும் ரிலே. அதற்கே இந்தப் பழுது தெரியவில்லை என்பதுதான் இங்கே சிக்கல்.

கணக்கைப் பாருங்கள். 11 கிலோவோல்ட் லைனில் ஒரு ஃபேஸுக்கும் பூமிக்கும் நடுவே 6.35 கிலோவோல்ட். ஈர மண்ணில் கம்பி விழுந்தால் நிறைய கரண்ட் பாயும், ரிலே உடனே பிடித்துவிடும். காய்ந்த பாறையிலும் சருகிலும் விழுந்து, அந்த இடத்தின் தடை 600 ஓம் என்று வைத்துக்கொண்டால் பாய்வது 10, 11 ஆம்பியர்தான். 200 ஆம்பியர் சி.டி. (கரண்டை அளக்க உதவும் சிறு டிரான்ஸ்பார்மர்) உள்ள ஃபீடரில், பூமிக்குப் பாயும் கரண்டைப் பிடிக்கும் எர்த் ஃபால்ட் ரிலேயை 20 சதவீதத்தில் வைத்திருந்தால், 40 ஆம்பியருக்குக் கீழே அது அசையாது. சும்மா கீழே இறக்கவும் முடியாது. டிரான்ஸ்பார்மர்கள் சார்ஜ் ஆகும்போது பாயும் இன்ரஷ் கரண்டுக்கும், சி.டி.க்களுக்குள் உள்ள சிறு வித்தியாசத்துக்கும் வீணாக ட்ரிப் ஆகும். சில விநாடி தாமதத்தோடு மிகக் குறைந்த கரண்டையும் பிடிக்கும் சென்சிட்டிவ் எர்த் ஃபால்ட் ரிலே இதற்கென்றே இருக்கிறது. மரமும் பாறையும் நிறைந்த சேர்வராயன் மலை லைன்களுக்கு அது ஆடம்பரம் அல்ல, அவசியம் என்பதே எங்கள் கருத்து.

திரையில் தெரிவது ஃபீடரின் மொத்தக் கரண்ட். ஒரு கிளை லைன் அறுந்து 5 ஆம்பியர் குறைந்தால், சாயங்காலம் காப்பிப் பழத்தின் தோலுரிக்கும் பல்ப்பரும் பம்பும் நின்றதால் குறைந்ததா, கம்பி அறுந்ததால் குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல அதில் எதுவுமில்லை.

ஆனால் உங்கள் வீட்டு விளக்கு சொல்லும். உங்கள் பகுதியின் டெல்டா–ஸ்டார் டிரான்ஸ்பார்மருக்கு மேல்பக்கம், அதாவது 11 கிலோவோல்ட் பக்கம், ஒரு ஃபேஸ் போனால், வீட்டுக்கு வரும் கீழ்ப்பக்கம் ஒரு ஃபேஸ் முழு வோல்டேஜோடு இருக்கும். மற்ற இரண்டும் பாதியாகி 115 வோல்ட் அளவுக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டில் பளிச்சென்று எரிய, உங்கள் வீட்டில் விளக்கு மங்கி மின்விசிறி தவழ்ந்தால், எங்கோ எச்.டி. (உயர் அழுத்த) கம்பியோ ஃப்யூஸோ போயிருக்க வாய்ப்பு அதிகம். ஃபிரிட்ஜையும் மோட்டாரையும் உடனே நிறுத்துங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் மின் இணைப்பு எண்ணோடு சொல்லுங்கள். அறுந்த கம்பி கண்ணில் பட்டால் 10 மீட்டருக்குள் யாரையும் விடாதீர்கள். தீப்பொறி இல்லை, சத்தம் இல்லை என்பதால் அது செத்த கம்பி ஆகிவிடாது.

மழையில்லை, காற்றில்லை, கரண்ட் போகிறது. கேட்டால் 'மேலிருந்து கட் பண்ணிட்டாங்க' என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், ஓமலூர்

சரிபார்க்க ஒரு வழி உண்டு. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்னக மின்வலை மற்ற பகுதிகளோடு இணைந்தது. அதிலிருந்து நாடு முழுக்க ஒரே ஃப்ரீக்வன்சி. தேவை உற்பத்தியை மிஞ்சினால் அது இறங்கும். கரண்ட் இருக்கிற எந்த ஊரிலும் ஹெர்ட்ஸ் அளக்கும் மல்ட்டிமீட்டர் வைத்திருக்கும் நண்பர் போதும். அவர் பார்ப்பதுதான் உங்களுக்கும். அனுமதிக்கப்பட்ட வரம்பு 49.90 முதல் 50.05 வரை. தானாகவே ஃபீடரைத் துண்டிக்கும் அண்டர் ஃப்ரீக்வன்சி ரிலேயின் முதல் படியே 49.4 ஹெர்ட்ஸில்தான், அடுத்தவை 49.2, 49.0, 48.8. கரண்ட் போன அந்த நேரத்தில் ஃப்ரீக்வன்சி 50-ஐ ஒட்டியே இருந்தால், அந்த ரிலே உங்களைத் துண்டிக்கவில்லை. டிரான்ஸ்பார்மர் ஓவர்லோடா, யாராவது லைன் கிளியர் (லைனை நிறுத்திவைத்து வேலை செய்யும் அனுமதி) எடுத்து வேலை செய்கிறார்களா என்று அடுத்துக் கேளுங்கள்.

மேட்டூரில் அனலும் இருக்கிறது, புனலும் இருக்கிறது. சாயங்கால உச்சத்தை இங்கிருந்தே சமாளிக்கக் கூடாதா?
– வாசகர், மேட்டூர்

புனல் மின்சாரம் நிமிடங்களில் ஏறும், நிமிடங்களில் இறங்கும், ஆசை நியாயமானதே. ஆனால் மேட்டூர் அணையில் தண்ணீரைத் திறப்பது பாசனத்தின் கையில். டெல்டாவுக்கு ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். சுரங்க மின் நிலையத்தின் 200 மெகாவாட்டும், அணை மின் நிலையத்தின் 50 மெகாவாட்டும், கீழே செக்கானூர் தொடங்கி உள்ள கதவணை நிலையங்களும் அந்தத் தண்ணீரின் பின்னால்தான் ஓட முடியும். ஈ.எம்.எஸ். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கணக்குப் போட்டாலும், திறக்காத தண்ணீரில் மின்சாரம் எடுக்க முடியாது.

அனலுக்கு அவசரம் பிடிக்காது. நிமிடத்துக்கு 1 சதவீதம் என்று ஏற்றினால், 210 மெகாவாட் யூனிட் ஒன்று நிமிடத்துக்கு 2 மெகாவாட் கூடும். பாய்லர் டியூபின் உலோகம் அதற்கு மேல் வேகமான வெப்ப மாற்றத்தை விரும்பாது.

அதனால் வேலை பிரிந்து நடக்கிறது. ஒரு பெரிய யூனிட் ட்ரிப் ஆனால், மற்ற நிலையங்களில் டர்பைன் வேகத்தைக் காக்கும் கவர்னர்கள் யாரும் சொல்லாமலே உடனே கை கொடுக்க வேண்டும். பிறகு டெல்லியில் உள்ள தேசிய மையத்தின் ஏ.ஜி.சி. (உற்பத்தியைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பு) 4 விநாடிக்கு ஒருமுறை நிலையங்களுக்கு உத்தரவு அனுப்பி, 15 நிமிடத்துக்குள் சரிசெய்யப் பார்க்கும். அதற்குப் பிறகுதான் மனிதர் முடிவெடுத்து வேறு யூனிட்டை ஏற்றுவது. 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நாடு விளக்கணைத்தபோது 31,089 மெகாவாட் தேவை சரிந்து, சில நிமிடத்தில் திரும்பி ஏறியது. அதைத் தாங்கியதில் பெரும்பங்கு புனல் நிலையங்களுக்குத்தான்.

கரண்ட் போனால் எங்கள் மாடி சோலாரும் நின்றுவிடுகிறது. பழுதா?
– வாசகர், அஸ்தம்பட்டி

இல்லை. கிரிட் இல்லையென்று தெரிந்ததும் இன்வெர்ட்டர் 2 விநாடிக்குள் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு உங்கள் வீட்டிலிருந்தே ஷாக் போகும். பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர்தான் வழி.

'ஸ்டேட் எஸ்டிமேஷன்' பாடத்தில் வருகிறது. மீட்டர் காட்டும்போது எதற்கு எஸ்டிமேட் செய்ய வேண்டும்?
– பொறியியல் மாணவி, கருப்பூர்

மீட்டர் பொய் சொல்லும் என்பதால்தான். ஒரு பஸ்ஸுக்கு, அதாவது துணைமின் நிலையத்தில் லைன்கள் எல்லாம் சேரும் பொதுக் கம்பிக்கு, டிரான்ஸ்பார்மர்கள் தருவது 64 மெகாவாட். மூன்று ஃபீடர்களில் திரை காட்டுவது 30, 22, மைனஸ் 12. கூட்டினால் 40. காணாமல் போனது 24. அது மூன்றாவது ஃபீடரின் அளவுக்குச் சரியாக இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள். அந்த ஃபீடரில் யாரோ சி.டி. வயரை மாற்றி முறுக்கியிருக்கிறார்கள். உண்மை அளவு ப்ளஸ் 12. ஒரு ஃபீடர் சரியாகப் பாதியைக் காட்டினால், சி.டி.யின் விகிதம் மாறியும், அளவுகளைத் திரட்டி அனுப்பும் ஆர்.டி.யு.வில் பழைய விகிதமே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அளவைச் சிறு கரண்டாக மாற்றித் தரும் டிரான்ஸ்டியூசரில் 4 மில்லி ஆம்பியர் என்றால் அளவு பூஜ்யம். 0 மில்லி ஆம்பியர் என்றால் வயர் அறுந்தது. அந்த வித்தியாசம் தெரிய வேண்டும் என்றுதான் 4-லிருந்து தொடங்குகிறார்கள். எல்லாவற்றையும்விடத் தொல்லை தருவது, லிங்க் போனபிறகும் கடைசி அளவு அப்படியே திரையில் உறைந்து நிற்பது.

இந்த வேலையை நூற்றுக்கணக்கான துணைமின் நிலையங்களுக்குச் சேர்த்துச் செய்வதுதான் ஸ்டேட் எஸ்டிமேட்டர். எம்.ஐ.டி.யின் ஃப்ரெட் ஷ்வெப்பே 1970-ல் இதை வகுத்துக் கொடுத்தார். தேவைக்கு மேல் அளவுகளை வாங்கி, நம்பகமானதற்கு அதிக எடை கொடுத்து, ஒவ்வொரு பஸ்ஸின் வோல்டேஜையும் கோணத்தையும் கணக்கிடுகிறது. கணக்கோடு மிகவும் முரண்படும் அளவை ஒதுக்கிவிடுகிறது. கூடுதல் அளவுகள் இல்லாத மூலையில் அதற்கும் கண் தெரியாது.

எந்த பிரேக்கர் மூடியிருக்கிறது என்ற தகவல் தப்பானால் நிலைமை இன்னும் மோசம். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவில், ஒரு லைன் நின்ற தகவல் மாடலுக்கு வராததால் எஸ்டிமேட்டர் விடை காணாமல் தவித்தது. சரிசெய்தவர், 5 நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓட வைக்கும் அமைப்பை மறுபடி போட மறந்துவிட்டுச் சாப்பிடப் போனார். ஒஹாயோவில் இன்னொரு கன்ட்ரோல் ரூமில் அலாரம் மென்பொருள் 2:14-க்கு ஓசையில்லாமல் நின்றுபோனது. திரை அமைதியாக இருந்ததால் லைனும் நலம் என்று நினைத்தார்கள். லைன்கள் மரத்தில் உரசி ஒவ்வொன்றாகப் போக, சாயங்காலத்துக்குள் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை. புராஜெக்ட் செய்தால், உங்கள் எஸ்டிமேட்டருக்கு ஒரு பிரேக்கர் நிலையை வேண்டுமென்றே தப்பாகக் கொடுத்துப் பாருங்கள். பாடப்புத்தகம் சொல்லாத பலதும் அங்கே தெரியும்.

கண் சிமிட்டுவதுபோல் விளக்கு ஒருமுறை மங்குகிறது. தறிகள் அத்தனையும் நின்றுவிடுகின்றன. அலுவலகத்தில் 'எங்கள் பதிவில் எதுவுமில்லை' என்கிறார்கள்.
– விசைத்தறி உரிமையாளர், அம்மாபேட்டை

இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். தொலைவில் ஒரு 110 கிலோவோல்ட் லைனில் பழுது வந்து 0.1 விநாடியில் விலகினால், அந்த நேரம் உங்களுக்கு வோல்டேஜ் சரியும். மோட்டாரை இணைத்துப் பிடிக்கும் சுவிட்சான கான்டாக்டரின் காயிலில் வோல்டேஜ் பாதிக்குக் கீழே போனால் ஓரிரு சைக்கிளில், அதாவது 20 முதல் 40 மில்லி விநாடியில் விட்டுவிடும். ஸ்காடா அளவு வாங்குவதோ சில விநாடிக்கு ஒருமுறை. இடையில் நடந்தது அதில் விழாது. ரிலேயின் டிஸ்டர்பன்ஸ் ரெக்கார்டிலும் ஆர்.டி.யு.வின் நிகழ்வுப் பட்டியலிலும் மில்லி விநாடிக் கணக்கில் இருக்கும்.

கான்டாக்டரை அரை விநாடி பிடித்து வைக்கும் டிலே யூனிட் போட்டால் பெரும்பாலான சரிவுகளைக் கடந்துவிடலாம். ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்திக் காக்கும் சிங்கிள் ஃபேசிங் பிரிவென்டரை மட்டும் எக்காரணம் கொண்டும் பைபாஸ் செய்யாதீர்கள். நின்றபின் எல்லாத் தறியையும் ஒரே சுவிட்சில் எழுப்பக் கூடாது: 1 எச்.பி. மோட்டார் ஒன்று எழும்போது 11 ஆம்பியர் அளவு இழுக்கும், 24 தறிக்கு 264 ஆம்பியர். ஆறாறாகப் பிரித்து, 5 விநாடி இடைவெளி விட்டு ஓட்டுங்கள். அடுத்தமுறை மங்கியதும் செல்போன் கடிகாரத்தில் மணி, நிமிடம், விநாடியைக் குறித்து எழுத்துமூலம் கொடுத்து, அந்த நேரத்துக்கான ரிலே பதிவைக் கேளுங்கள்.